பனியன் துணியில் ஓட்டை தேடிய கதை (ஃபைனல் இயர்காரர்களுக்கு)

ஒருவழியாக ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது. திருப்பூர் நிட்டிங் துணியில் வரும் டிஃபெக்டை கேமரா படத்தை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் தலைப்பு, டீமில் நான்கு பேர். மாடலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, படத்தில் எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் யோலோ என்ற ரெடிமேட் மாடலை எடுத்து எங்கள் படங்களைக் கொடுத்தோம், ஓடியது. உயிரை வாங்கியது மற்றதெல்லாம்.

முதலில் கடிதம். கம்பெனிக்குள் போய்ப் படம் எடுக்க காலேஜ் லெட்டர்ஹெட்டில் ஹெச்ஓடி கையெழுத்தும் சீலும் வேண்டும். கைடு கையெழுத்து இல்லாமல் டைப் செய்ய முடியாது என்றார் ஆபீஸில் இருந்தவர், டைப் செய்த கடிதம் வந்தால்தான் கையெழுத்து என்றார் கைடு. கடைசியில் நாங்களே டைப் செய்து பிரிண்ட் எடுத்து நீட்டினோம், ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை! அதை எடுத்துக்கொண்டு கோபியிலிருந்து பஸ் ஏறித் திருப்பூர் போய் இறங்கினால் சனிக்கிழமை, வாரச் சம்பளம் போடும் நாள். மேனேஜர் தலையே நிமிரவில்லை. "திங்கக்கெழம வாங்க அம்மணி" என்று அனுப்பிவிட்டார். திருப்பூருக்கு வேலையாகப் போகிறவர்கள் சனிக்கிழமையை விட்டுவிடுங்கள்.

மறுபடி போனால் வேறு சிக்கல். சாயம் ஏற்றிய துணி, பிரிண்ட் போட்ட துணி எதையும் படம் எடுக்கக் கூடாதாம், பையர் டிசைன் வெளியே போய்விடும் என்று பயம். நியாயம்தான். சாயப்பட்டறைக்குப் போகாத கிரே துணியை மட்டும் எடுக்க விட்டார்கள். எந்தத் துணி, எதற்காக, படங்கள் யாரிடம் இருக்கும் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், பாதிப் பேச்சு மிச்சம்.

நிஜமான சண்டை லேபிளிங்கில்தான் வந்தது. டிஃபெக்டைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் கொடுக்கும் வேலை. ஒரே படங்களை ரெண்டு பேர் தனித்தனியாகக் குறித்துவிட்டு ஒப்பிட்டோம். ஒருவர் ஓட்டை என்றது இன்னொருவருக்கு ட்ராப் ஸ்டிச். கோஹன் கப்பா என்று 1960-இல் வந்த ஒரு கணக்கு இருக்கிறது, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ரெண்டு பேரும் உண்மையில் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று சொல்லும். எங்களுக்கு வந்த எண்ணைப் பார்த்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் வெளியேறியேவிட்டான்.

தீர்த்துவைத்தது செக்கிங் டேபிள் அக்கா. "இழுத்துப் பாரு கண்ணு. நூலு அறுந்திருந்தா ஓட்டை. அறுகாம கண்ணி மட்டும் கழண்டு நின்னா அது ட்ராப்பு." படத்தை மட்டும் பார்த்து இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவர் சொன்னதையெல்லாம் படத்தோடு ஒரே பக்கத்தில் விதியாக எழுதி, துணியை மறுபடி கையில் பிடித்துப் பார்த்து லேபிள் போட்டோம். வெளியேறியவனும் திரும்பி வந்தான். ரிப்போர்ட்டைவிட அந்த ஒரு பக்கம்தான் உருப்படி என்பேன், ரிவ்யூவில் யாரும் அதைப் புரட்டக்கூட இல்லை.

டீமாகக் கோடு எழுதும்போது யார் எதை மாற்றினார்கள் என்று சேமித்துவைக்கும் கிட் (Git) பற்றி ஒரு எச்சரிக்கை. கோடும் அவுட்புட்டும் ஒன்றாக இருக்கும் ஜூபிடர் நோட்புக்கை ரெண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் வரும் மோதலை (மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்) படிக்கவே முடியாது, நோட்புக் உள்ளே ஜேசன் என்ற டெக்ஸ்ட் வடிவம், அவுட்புட் படங்களும் அதற்குள்ளேயே கிடக்கும். ப்ரோகிராமை பைதான் ஃபைல்களுக்கு மாற்றுங்கள், கிட்டில் சேமிக்கும் (கமிட்) முன் அவுட்புட்டை அழியுங்கள். 100 எம்பிக்கு மேலான ஃபைலை கிட்ஹப் வாங்காது. மாடலை ஓட்ட கூகுள் ஆன்லைனில் தரும் இலவச கோலாப் நடுராத்திரியில் அறுந்துவிடும், அதுவரை கற்ற மாடலின் நகலை (செக்பாயிண்ட்) அவ்வப்போது டிரைவில் போட்டுவையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. ஒரே துணி ரோலில் எடுத்த படங்கள் மாடலுக்குக் கற்றுக்கொடுக்கும் ட்ரெயினிங்கிலும் அதைச் சோதிக்கும் டெஸ்டிலும் கலந்திருந்தால் அக்யூரசி பொய்யாக ஏறும். ரோல் வாரியாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று எங்கள் டீமில் ஒருத்தி அடம்பிடித்தாள். பிரித்தோம், எண் இறங்கியது. "போன ரிவ்யூவுல நல்லா இருந்துச்சே?" என்று ஒரு சார் முகம் சுளித்தார். நால்வரும் மாறி மாறி விளக்கினோம், மார்க்கை வெட்டியேவிட்டார்.

அதற்கு அடுத்த மாதம் கோவை சரவணம்பட்டியில் வேலைக்கு இன்டர்வியூ. டீமில் கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். லேபிள் சண்டை, அக்கா, அந்த ஒரு பக்கம், ரோல் பிரித்தது எல்லாவற்றையும் கொட்டினேன். எண் ஏன் இறங்கியது என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, அந்த சாருக்கு இன்னும் சொல்லவில்லை.