பிரோட்டில் மரத்துக்கு மரம் முகம்

செர்பியாவின் பிரோட்டுக்கு வந்த மறுநாள் காலை பால் வாங்க இறங்கினால், குடியிருப்பின் வாசற்கதவில் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு தாள். நடுவே ஒரு தாத்தாவின் படம், மேலே சிலுவை, கீழே சிரிலிக் எழுத்தில் நாலு வரி. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைக்கூடப் பிரிக்காத வீட்டில் முதல் காட்சியே சாவு நோட்டீஸா என்று வயிற்றைப் பிசைந்தது. அம்மாவிடம் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அன்றைக்கே "வேற வீடு பாரு கண்ணு" ஆரம்பித்திருக்கும்.

அப்புறம்தான் தெரிந்தது, ஊரே அப்படித்தான். மரம், மின்கம்பம், கடை ஓரம், எங்கே திரும்பினாலும் முகங்கள். நம்மூரில் என்றால் ஆள் உயர ஃபிளெக்ஸ், இறந்தவரைவிடப் பெரிதாகத் தலைவர் படம், மைதாப் பசை வாசனைக்குப் போஸ்டரைக் கிழித்து மெல்லும் மாடு. இங்கே நோட்டுப் பக்கம் அளவில் பெயர், வயது, அடக்க நேரம். ஆனால் ஒரு தடவையோடு விடமாட்டார்கள். 40ஆம் நாள் அதே முகம் மறுபடி வரும். அரை வருஷத்தில் வரும், தலைத்திவசத்துக்கு வரும். மேல் மாடி வீட்டுக்காரப் பாட்டி இவற்றைத் தினத்தந்தி படிப்பதுபோல ஒவ்வொரு மரமாக நின்று படித்துவிட்டுத்தான் ரொட்டிக் கடைக்குப் போவார்.

செர்பியாவின் தென்கிழக்கு மூலையில், பல்கேரிய எல்லையை ஒட்டி இருக்கிறது பிரோட் மாவட்டம். பிரோட், பாபுஷ்னிட்சா, பேலா பலங்கா, திமித்ரோவ்கிராத் என்று நாலு நகராட்சிகள், 2,761 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 92 ஆயிரம் பேர் இருந்த இடத்தில் 2022இல் 76 ஆயிரத்துச் சொச்சம்தான். எங்கள் பவானி தேர்த் திருவிழாக் கூட்டத்தில் பாதியைக் கொண்டுவந்து விட்டால் இந்த மலைக் கிராமங்கள் நிமிர்ந்துவிடும். ஸ்டாரா பிளானினா மலைப் பக்கம் போனால் கூரை சரிந்த வீடுகள், வாசலில் பழுத்து உதிரும் பிளம்ஸ், பொறுக்க ஆளில்லை. இளசுகள் நிஷ், பெல்கிரேட், ஜெர்மனி என்று கிளம்பிவிட்டார்கள். அந்தக் காலியிடத்தில்தான் நான் வேலைக்கு வந்து நிற்கிறேன்! திமித்ரோவ்கிராத்தில் பல்கேரியர்கள்தான் அதிகம். முதல் உலகப் போருக்குப் பின் 1919 ஒப்பந்தத்தில் கோடு நகர்ந்ததால் இந்தப் பக்கம் வந்துவிட்ட ஊர். பல்கேரியத் தலைநகர் சோஃபியா, செர்பியத் தலைநகர் பெல்கிரேடைவிடப் பக்கம். என் பாஸ்போர்ட்டுக்குத்தான் அது தூரம்.

பிரோட்டுக்காரர்கள் கஞ்சர்கள் என்று நாடே ஜோக் அடிக்கும். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் அடைத்துத் தொங்கவிட்ட சாசேஜைப் பாட்டிலால் தேய்த்துத் தேய்த்துத் தட்டையாக்கிக் காயவைக்கிறார்கள், அதில்கூட இடம் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பார்க்கிறவனுக்குத் தோன்றும். அதைக் காகிதம்போலச் சீவித் தட்டு நிறைய வைத்துவிட்டு, நான் கறி சாப்பிட மாட்டேன் என்றதும் பாட்டி என்னைப் பார்த்த பார்வை, ஜாதகம் சரியில்லாத பிள்ளையைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

பாட்டி பிறந்த ஊர் சாவோய். 1963இல் மலை சரிந்து விசோச்சிட்சா ஆற்றை அடைத்தது. தேங்கிய தண்ணீரில் ஊர் முழுகிப் போனது. இன்றைக்கு அது ஏரி, மின்சாரம் எடுக்கிறார்கள். பவானிசாகரில் தண்ணீர் வற்றினால் தலைகாட்டும் டணாயக்கன் கோட்டையைப் பற்றி நான் கைபேசியில் படம் காட்டிச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், "கோயில் வெளியே வருமா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதெல்லாம் நான் பிரோட்டுக்காரன்தான் என்று நண்பர்களிடம் அடித்து விடுவேன். அப்பாவின் தலைத்திவசம் வந்தபோது அந்தச் சவடால் எல்லாம் இறங்கிப் போனது. தம்பி கூடுதுறையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து பிண்டம் வைத்ததை வீடியோவில் பார்த்தேன். இங்கே காக்காய்கூட வேறு நிறம், பாதி சாம்பல். முகத்தைப் பார்த்தே பாட்டி கண்டுபிடித்துவிட்டார். "நீயும் ஒட்டு. நாலு தாள் போதும், கறுப்பு வெள்ளையே போதும், கலருக்குக் காசு கொட்டாதே." அப்பாவின் பெயரைச் சிரிலிக்கில் அவரே எழுதித் தந்தார். வாசற்கதவில் ஒன்று, தெருமுனை லிண்டன் மரத்தில் ஒன்று. அதுவரை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்.

விடுமுறை முடிந்து வந்த நண்பனிடம் அம்மா ஒரு பவானி ஜமக்காளம் கொடுத்தனுப்பினார். பாட்டி முதலில் செய்தது ஓரத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்ததுதான். பிரோட் கம்பளத்துக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் கிடையாது. நிமிர்ந்து நிற்கும் தறியில் பெண்கள் நெய்வது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். எங்கள் குழித்தறியை எக்கி மிதித்துக் காட்டினேன். விலை கேட்டார், தினாரில் கணக்குப் போட்டார், இரண்டு சொல்லிவிடு என்றார்.

அம்மாவுக்கு ஏகப்பட்ட பெருமை. "அப்ப அவுங்க ஊரு கம்பளம் ஒண்ணு நமக்கு வாங்கியாறியா கண்ணு, கூடத்துக்குப் போட்டுக்கலாம்" என்றார். அதன் விலையைச் சொன்னால் பாட்டிக்கு அனுப்பும் ஜமக்காளத்துக்கும் விலையை ஏற்றிவிடுவார் என்று பேச்சை மழைக்கு மாற்றினேன்.