பழைய வீட்டுச் சமையலறை: முதலில் சுவர், பிறகு அலமாரி

பழைய நாட்டுப்புற வீட்டின் சமையலறையைப் புதுப்பிக்கப் போகிறோம் என்றதும், எல்லாரும் அலமாரியின் நிறத்தையும் மேடைக் கல்லையும் பற்றியே விசாரித்தார்கள். எனக்கோ சுவரில் இடுப்பளவு ஏறியிருந்த ஓதம், அதாவது ஈரம்தான், பெரும் கவலையாக இருந்தது. கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய அந்தச் சுவரின்மீது பிற்காலத்தில் யாரோ சிமெண்ட் பூசி, அதற்கு மேல் பளபளக்கும் பெயிண்டும் அடித்திருந்தார்கள். இன்று பரவலாகப் பயன்படும் போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல்தான்; அதற்கு முந்தைய சுவர்கள் அதை அறியாதவை. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழஞ்சுவர்கள், தரையின் ஈரத்தையும் சமையலின் ஆவியையும் உள்வாங்கி மெல்ல மெல்ல வெளியேற்றும் இயல்புடையவை. சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, நாளடைவில் கல்லையே அரிக்கத் தொடங்குகிறது.

ஆகவே சிமெண்டைக் கொத்தி எடுப்பதிலிருந்து வேலையைத் தொடங்கினோம். கல்லின் முகம் பெயர்ந்துவிடாதபடி கொத்தனார் உளியைச் சாய்த்துப் பிடித்துத் தட்ட, விழுந்த சில்லுகளின் உட்புறம் ஈரத்தில் கறுத்திருந்தது. அங்கே தெரிந்த பழைய சாந்தை விரலால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், மரச்சட்டங்களை உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்தே சுரண்டினோம். புதிய சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் இறுகும். அதற்குச் சிறிது ஈரமும் தேவை என்பதால், ஒவ்வொரு பூச்சுக்கும் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டுப் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அவசரக்காரர்கள் தொடக்கூடாத வேலை இது.

அலமாரிகளைச் சுவரோடு சேர்த்து அடிக்க வேண்டாம் என்று முடிவு செய்ததற்கும் சுவரே காரணம். தூக்குக்குண்டைப் பிடித்தால் எந்த மூலையும் நேராக இல்லை. நேராக்கப் போனால் பூச்சு தேவையின்றித் தடித்துவிடும். எனவே கால் வைத்த தனி அலமாரிகளைச் செய்யச் சொல்லி, பின்னால் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டோம். ஆவியை வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகை மின்விசிறியை, அது மலிவாகக் கிடைத்தும், நான் ஏற்கவில்லை. அது எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் குறைக்குமே தவிர, ஈரத்தை வெளியேற்றாது. பீங்கான் ஓடுகள், நீர் தெறிக்கும் தொட்டிக்குப் பின்னால் மட்டும், ஒரு சாண் உயரத்துக்கு. அதற்கு மேல் முழுவதும் சுண்ணாம்பு வெள்ளைதான்.