ஒரு பித்தளைத் தூக்கு, 250 ஃபிரேம்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) நான்காவது செமஸ்டரில் மல்டிமீடியா பேப்பருக்கு மூன்று புராஜெக்ட் வைக்க வேண்டும். முதலாவது போஸ்டர், அடுத்தது லோகோவும் விசிட்டிங் கார்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன். கார்டை ஆர்ஜிபியிலேயே, அதாவது திரைக்கான நிற முறையிலேயே, அச்சுக்குக் கொடுத்ததில் கிளிப்பச்சை பாசிப்பச்சையாகி வந்தது, அவ்வளவுதான். மூன்றாவதுதான் ஆளைப் படுத்திவிட்டது. வீட்டில் இருக்கும் ஒரு பொருளை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடல் செய்து, 10 நொடி சுழலவிட்டுக் காட்ட வேண்டும்.

கூடப் படிப்பவர்கள் மொபைல், டீ கப், தாயக்கட்டை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அப்பத்தாவின் பித்தளைத் தூக்கை எடுத்தேன். உடம்பு, மூடி, பிடி, மூன்று பாகம், இதில் என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு. "பத்திரமா திரும்பி வரணும்" என்று இரண்டு முறை சொல்லித்தான் அப்பத்தா கொடுத்தார். எங்கள் மேடமும் "பித்தளையா? யோசிச்சுக்கோ" என்றார். யோசிக்கவில்லை.

முதலில் தூக்கை மேஜைமேல் வைத்து, கிட்டத்தில் நின்று மொபைலில் படம் எடுத்து, அதன் விளிம்பை ஒட்டியே பாதிக் கோடு வரைந்தேன். அந்தக் கோட்டைச் சுற்றவிட்டால் பாத்திரம் வந்துவிடும், குயவர் சக்கரம் மாதிரி. வந்தது. ஆனால் வயிறு உப்பி, அடி சிறுத்து, ஏதோ பூச்சாடி போல இருந்தது. கிட்டத்தில் எடுத்தால் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி பெரிதாகத்தான் தெரியும். பத்தடி தள்ளிப் போய், ஜூம் செய்து எடுத்ததும் சரியானது. அளவுக்கு ஒரு நூலை எடுத்து வயிற்றைச் சுற்றினேன். 47 செ.மீ. வந்தது. 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 15. எட்டாம் வகுப்புக் கணக்கு முதல் தடவையாக உதவியது.

அந்த 15-ஐ அப்படியே பிளெண்டரில் தட்டினேன். பிளெண்டர் சொல்லாமலே எதையும் மீட்டராக எடுத்துக்கொள்ளும். ஆக, 15 மீட்டர் அகலத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறேன், இரண்டு நாள் தெரியவே இல்லை. விளக்கு வைத்தால் வெளிச்சமே போதவில்லை, அதனால்தான் சந்தேகம் வந்தது. நூறில் ஒரு பங்காகச் சுருக்கினேன். இப்போது தகட்டுக்கு 1 மி.மீ. தடிமன் கொடுத்தால் ஒன்றுமே தெரியவில்லை. விளிம்பை உருட்டினாலும் கூராகவே நிற்கிறது. சுருக்கிய பிறகு கன்ட்ரோல் ஏ அழுத்தி அந்த அளவை நிலைப்படுத்த வேண்டுமாம். இல்லாவிட்டால் கொடுக்கிற 1 மி.மீ.யும் நூறில் ஒரு பங்காகிவிடும். இந்த ஒரு பட்டனுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

மேடம் எதற்கு யோசிக்கச் சொன்னார் என்பது நிறம் கொடுக்கும்போது புரிந்தது. மஞ்சளைக் கொடுத்து, உலோகத்தன்மைக்கான மெட்டாலிக்கை முழு அளவான 1-இல் வைத்தேன். வந்தது பித்தளை இல்லை, காய்ந்த சேறு. உலோகத்துக்கென்று தனியாகப் பெரிய நிறம் கிடையாது, சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். என் பிளெண்டரில் தூக்கைச் சுற்றி இருந்ததோ வெறும் சாம்பல் நிறம். பாலி ஹேவன் (Poly Haven) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு எச்டிஆர்ஐ படத்தை, அதாவது ஒரு இடத்தைச் சுற்றிலும் வெளிச்சத்தோடு பிடித்த படத்தை, பின்னணியாகப் போட்டதும், ஜன்னலும் சுவரும் அதில் பளபளவென்று தெரிந்தன. சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். "கடையிலிருந்து இன்னிக்குத்தான் வாங்கிட்டு வந்தியா?" என்றார் மேடம்.

சரிதான். வீட்டுத் தூக்கு அப்படியா இருக்கும்? ஒரு பக்கம் நெளிந்திருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, வயிற்றைச் சுற்றி மெல்லிய கீறல்கள் வளையம் வளையமாக ஓடும். பிடி தொங்கும் காதுக்குக் கீழே கை எட்டாததால் கறுப்பு தங்கியிருக்கும். அன்றைக்குத்தான் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, பெயர். பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டியது, தாத்தாவின் பெயர். இனிஷியல் "வெ". பெயருக்குள் ஒரு "ணா", கடைசியில் ஒரு "லை". யூகித்துக்கொள்ளுங்கள்.

பெயரும் வேண்டும் என்று முடிவு செய்தது என் தவறு. பிளெண்டரில் டெக்ஸ்ட் போட்டு, தமிழ் எழுத்துருவை ஏற்றி "வெ" என்று ஒட்டினால், முதலில் "வ", அதற்குப் பின்னால் தனியாக ஒரு ஒற்றைக் கொம்பு. யூனிகோடில் மெய்யை முதலில் வைத்து, உயிர்க்குறியை அதற்குப் பின்னால்தான் சேமிக்கிறார்கள். கொம்பை முன்னால் தூக்கிவைத்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. என்னிடம் இருந்த பதிப்பு அந்த வேலையைச் செய்யவில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் செய்யும். அங்கே எழுதி, எழுத்தை வெறும் கோடுகளாக (பாத்) மாற்றி, எஸ்விஜி என்ற கோப்பாகக் கொண்டுவந்தேன். கடுகளவில் வந்து விழுந்ததைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கினேன்.

பெரிதாக்கிப் பக்கத்தில் தூக்கை வைத்துப் பார்த்தால் எழுத்தே வேறு. தூக்கில் இருந்தது பழைய "லை", யானைத் துதிக்கை மாதிரி தலைக்குமேல் சுழித்திருக்கும் அது. "ணா"வும் துணைக்கால் இல்லாத பழைய சுழி. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பே வெட்டிய பெயர். என்னிடம் இருந்த எந்த எழுத்துருவிலும் அந்த இரண்டும் இல்லை. அதுவுமில்லாமல் எழுத்துரு என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் விளிம்பு இருக்கும். பெயர் வெட்டுகிறவர் ஒற்றைக் கோடாகத்தான் உளியைத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். ஆக, எழுத்துருவோடு மூன்று நாள் போட்ட சண்டை வீண். பெயரைப் படம் எடுத்து, அதன்மேலேயே பேனா டூலால் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, கோட்டைப் புள்ளிகளாக்கி, மேடு பள்ளம் போலக் காட்டும் பம்ப் மேப்பாக ஒட்டினேன். குழி வெட்டவில்லை, குழி போலத் தெரியும், அவ்வளவுதான். கிட்டப் போனால் குட்டு வெளிப்படும். நான் கேமராவைக் கிட்டக் கொண்டுபோகவில்லை.

கடைசியில் ரெண்டர், அதாவது மாடலைப் படங்களாக்குவது. நொடிக்கு 25 வீதம் 250 ஃபிரேம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஃபிரேமுக்கு மூன்று நிமிடம், மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். நேராக எம்பி4 என்று கொடுத்துவிட்டுத் தூங்கினேன். விடிகாலையில் கரன்ட் போய்விட்டது, என் லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒன்பது மணி நேரம் ரெண்டர் ஆன வீடியோ திறக்கவே இல்லை. அந்த வகைக் கோப்பில் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதுவார்கள், அதற்கு முன்னால் நின்றால் எல்லாம் போச்சு. அடுத்த முறை ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாகக் கொடுத்தேன். இடையில் இன்னொரு முறை கரன்ட் போனது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். புதிதாகச் செய்கிறவர்கள் இதை மட்டுமாவது முதல் நாளே செய்யுங்கள்.

50-க்கு 43. மூடியைத் திறந்து காட்டியிருக்கலாம் என்று குறைத்தார்கள், நியாயம்தான். பெயர் வெட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் "லை" தப்பாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். தூக்கையே எடுத்துக் காட்டினேன்.

லீவில் வீடியோவை அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் பார்த்தார். "இது எதுக்குத் தானாச் சுத்துது?" என்றார். அப்புறம், "சரி, தூக்கு எங்க?"

ஹாஸ்டலில் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதில் பக்கத்து அறைக்காரியின் முறுக்கு இருக்கிறது.