சித்தாள் என்று சொன்ன நாள்

நம் அஞ்சாம் வகுப்பு டீச்சர் காலமான செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது இங்கே டெக்சாஸில் காலை ஏழு மணி. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு ஆரம்பப் பள்ளியில் கவுன்சிலராக, அதாவது பிள்ளைகளின் மனக் கஷ்டங்களைக் கேட்டு வழிகாட்டுபவளாக இருக்கிறேன். ஊரில் யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அன்று பேச வேண்டும். லீவு போடத் தோன்றவில்லை. போய்ப் பேசிவிட்டுத்தான் வந்தேன். எனக்கு அந்தப் பாடத்தை முதலில் எடுத்தவர் அவர்தான்.

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலருக்கு எழுதக் கேட்டார்கள். தண்டவாள மணி, கோவை இலை, சத்துணவு வரிசை எல்லாம் உங்களுக்கும் தெரியும். நான் ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1984. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. எங்கள் மேட்டுக்காட்டில் கேழ்வரகு காய்ந்துபோக, அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். தம்பி கைக்குழந்தை, அவனைத் தூக்கிக்கொண்டார்கள். என்னை ஆயாவிடம் விட்டார்கள். வகுப்பில் அப்படி ஆறு பேர் இருந்தோம்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஓர் அதிகாரி, படித்து என்ன ஆகப் போகிறாய் என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். டாக்டர், கலெக்டர், டாக்டர், போலீஸ். என் முறை வந்தது. "சித்தாள்" என்றேன். அம்மா செய்த வேலை அதுதான். அந்த வேலைக்குப் போனால் அம்மா இருக்கும் இடத்துக்கே போய்விடலாம் என்பது என் கணக்கு. அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததும் வகுப்பே சிரித்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதுதான் என் பெயர்.

டீச்சர் அன்று யாரையும் திட்டவில்லை. மத்தியானம் புங்க மரத்தடிக்கு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அம்மா நெனப்பா இருக்குதா கண்ணு?" அழுதேன். அழாதே என்று அவர் சொல்லவில்லை. மணி அடித்த பிறகும் எழுந்திருக்காமல், நான் அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தார். பல வருஷம் கழித்து இங்கே இந்தப் படிப்புக்குச் சேர்ந்தபோது, கலங்கி நிற்கும் குழந்தைக்கு உடனே அறிவுரை சொல்லாதே, முதலில் கூட இரு என்று கற்றுக்கொடுத்தார்கள். எனக்குப் புங்க மரம்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை மொத்த வகுப்பையும் பள்ளிக்குப் பின்னால் கூட்டிப் போனார். சத்துணவுக் கூடத்துக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த நேரம். கொத்தனார் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டார். நூல் ஆடி ஆடி நிற்கும்வரை எங்களில் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் டீச்சர் சித்தாள் அக்காவிடம், "கலவை எப்படின்னு நீங்க சொல்லிக் குடுங்க" என்றார். அந்த அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணலு. தண்ணி கூடுனா ஓடிடும், கொறைஞ்சா பிடிக்காது" என்றார். நாங்கள் ஆளுக்கு அரைச் சட்டி தூக்கிப் பார்த்தோம். கழுத்து இற்றுவிடும் போல இருந்தது. வகுப்புக்குத் திரும்பியதும் கரும்பலகையில் கணக்கு: நாலு சட்டி சிமெண்டுக்கு மணல் எவ்வளவு? முதலில் நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகும் ரெண்டு பேர் என்னைச் சித்தாள் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அது வசவாகக் கேட்பது நின்றுபோயிற்று.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் யாராவது வருவார்கள். மாங்கன்று ஒட்டுக் கட்டுபவர், போஸ்ட்மேன், பட்டுப்புழு வளர்க்கும் பெரியம்மா, டவுன் பஸ் கண்டக்டர். எல்லோரிடமும் நாங்கள் கேட்க வேண்டியது ரெண்டு கேள்வி: இந்த வேலையை யாரிடம் கற்றீர்கள்? இதில் எது கஷ்டம்? சனிக்கிழமை எங்கள் ஆறு பேரையும் தனியாக உட்கார வைத்து பெங்களூருக்கு இன்லேண்டு லெட்டர் எழுத வைப்பார். லெட்டர் அவர் காசு. ஆயாவுக்கு முட்டி வலி, ஆடு குட்டி போட்டது என்று எழுதுவோம். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கேட்போம். நமக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் அங்கேதான் போயிற்று.

இன்று என் வேலையும் அதேதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பா அம்மா பிரிந்த பிள்ளைகள், புதிதாகக் குடிவந்த பிள்ளைகள் என்று ஆறு பேரைச் சேர்த்து உட்கார வைக்கிறேன். வகுப்பு வகுப்பாகப் போய்க் கோபம் வந்தால் என்ன செய்யலாம் என்று பேசுகிறேன். வேலைகளைச் சொல்லும் நாளில் பல் டாக்டரோடு கூரை போடும் தொழிலாளி ஒருவரையும் தேடி அழைத்து வந்தேன். அவர் மகன் மூன்றாம் வகுப்பு. அன்று அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். இங்கே கவுன்சிலர்களின் தேசியச் சங்கம் 250 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. என் பள்ளியில் 500க்கு மேல், நான் ஒருத்தி. இருந்தாலும் அந்த வேலைக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. நம் ஊரில் 2022இல் 'நான் முதல்வன்' என்று அரசின் வழிகாட்டுதல் திட்டம் வந்தது, மேல் வகுப்பு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு. மகிழ்ச்சி. ஆனால் ஒரு குழந்தை தன் அம்மாவின் வேலையைச் சொல்ல வெட்கப்படத் தொடங்குவது ஒன்பது, பத்து வயதில். நம் சங்கம் அடுத்த முறை பணம் திரட்டும்போது, ஸ்மார்ட் போர்டுக்கு முன் இதை நினைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டீச்சரோடு கடைசியாகப் போனில் பேசியது 2019இல். "அங்க என்ன வேலைம்மா?" என்றார். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது, அவர்கள் சொல்வதைக் கேட்பது என்றேன். "அதுக்குன்னே தனியா ஆள் வெச்சிருக்காங்களா? நல்ல ஊரு" என்றார். நீங்கள் செய்ததுதான் டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தேன். லைன் சரியில்லை, அடுத்த வாரம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஊரை விட்டுப் போனவர்களுக்கு லெட்டர் எழுத எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஊரை விட்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவருக்கு நான் ஒரு லெட்டர்கூடப் போட்டதில்லை.