அமராவதிக்கு மேலே: ஓர் எல்லையோர நாட்குறிப்பு

ஜனவரி 22, 2025, புதன். அமராவதிநகர்

எங்கள் வயலுக்கு வருகிற தண்ணீர் எங்கே பிறக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தாராபுரம் பக்கத்தில் அமராவதி என்றாலே அணைதான். எத்தனை அடி நிற்கிறது, எப்போது திறப்பார்கள், கடைமடைக்கு வருமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அணைக்கு மேலே இருப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மூணாறு போகிறவர்களும் அந்த வழியை ஒரே மூச்சில் கடந்துவிடுகிறார்கள். அந்த வழியில் நின்று நிதானமாகப் பார்க்கலாம் என்று மச்சானும் நானும் வண்டியை எடுத்தோம்.

அணை 1957இல் கட்டியது. முழு நீர்மட்டம் 90 அடி. திருப்பூர், கரூர் மாவட்டங்களின் பாசனமே இதை நம்பித்தான் இருக்கிறது. முதலைப் பண்ணையையும் பார்த்தோம், கரையில் மீன் வறுவலும் சாப்பிட்டோம். ஆனால் என் கண் முழுக்கத் தெற்கே இருந்தது. நீர்ப்பரப்பு முடிகிற இடத்தில் மலை எழுந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் கேரளம்.

ஜனவரி 23, வியாழன். சின்னாறு

ஒன்பதாறு செக்போஸ்ட்டில் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பையைப் பார்த்தார்கள். "வழியில எங்கயும் எறங்காதீங்க, யானை நடமாட்டம் இருக்கு" என்று காவலர் சொன்னார். இந்தச் சாலையில் இரவில் போக்குவரத்துக்கு அனுமதி இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். இருட்டிய பிறகு சாலை யானைகளுக்குச் சொந்தம்.

சின்னாறு பாலத்துக்கு இந்தப் பக்கம் திருப்பூர் மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. கேரளம் என்றதும் பச்சைப் பசேலென்று எதிர்பார்த்தால் இங்கே இருப்பது முள்காடு. உடைமரமும் கள்ளியும் காய்ந்த புல்லுமாக நம் ஊர் மேட்டாங்காடுதான். காரணம் மேலே இருக்கிற மலைதான். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் மழையை மூணாறு பக்கமே வாங்கிக்கொள்கிறது. இந்தச் சரிவுக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 500 மில்லிமீட்டர்தான். 1984இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு சரணாலயம் 90 சதுர கிலோமீட்டர்தான். தமிழகப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

வனத்துறை வழிகாட்டியோடு ஆற்றோரமாக நடந்தோம். பக்கத்துக் குடியை, அதாவது பழங்குடிக் குடியிருப்பை, சேர்ந்த அண்ணன் அவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். திடீரென்று நின்று மருத மரத்தின் உச்சியைக் காட்டினார். கிளையோடு கிளையாக ஒரு சாம்பல் நிற மலை அணில். சிறிய பூனை அளவு இருக்கும், வாலும் உடம்பின் நீளத்துக்கு இருந்தது. எங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி அமர்ந்து எதையோ உரித்துத் தின்றது. தோல் மட்டும் எங்கள் மேல் விழுந்தது. இது தரைக்கு இறங்குவது அபூர்வம், கிளைவிட்டுக் கிளை தாவித்தான் வாழும். சுற்றிலும் முள்காடு என்பதால் ஆற்றின் இரு கரையிலும் நிற்கிற பெரிய மரங்கள்தான் அதன் உலகம். நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்துபோகும். நம் வாய்க்கால் கரை மரங்களை எவ்வளவு சுலபமாக ஏலம் விடுகிறோம் என்று நினைத்து வருந்தினேன்.

கூட்டாற்றில் சின்னாறும் பாம்பாறும் சேர்கின்றன. அணைக்கு வருகிற எங்கள் தண்ணீர் இதுதான். குனிந்து இரண்டு கை அள்ளிக் குடித்தேன். கேரளத்தில் கிழக்கே ஓடுகிற ஆறுகள் கபினி, பவானி, பாம்பாறு என மூன்றுதான். மூன்றும் கடைசியில் காவிரியில்தான் போய்ச் சேருகின்றன.

மறையூருக்குப் போகும் வழியில் தூவானம் அருவியைச் சாலையிலிருந்தே பார்த்தோம். காட்டுக்கு நடுவே பாம்பாறு வெள்ளையாக விழுகிறது. நடந்து போகவும் வழியுண்டு. எங்களுக்கு நேரம் போதவில்லை.

ஜனவரி 24, வெள்ளி. மறையூர்

கோவில்கடவில் பாம்பாற்றங்கரைத் தென்காசிநாதரைக் கும்பிட்டுவிட்டு முனியறைகளுக்கு ஏறினோம். மண்ணே இல்லாத மொட்டைப் பாறை. அதன் மேல் பெரும் பாளங்களை நாலு பக்கமும் நிறுத்தி, ஒரு பாளத்தை மேலே மூடியிருக்கிறார்கள். நம் ஆட்கள் கல்திட்டை என்பது இதைத்தான். பெருங்கற்கால மக்களின் ஈமச்சின்னம். ஊரில் கேட்டால் முனிவர்கள் தவம் செய்த அறை என்கிறார்கள், பாண்டவர் வனவாசத்தில் தங்கியது என்றும் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரி பக்கத்து மல்லசந்திரத்தில் இதே மாதிரியானவற்றை மோரியர் வீடு என்பார்கள்.

ஒன்றின் உள்ளே குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். மேல் மூடி வெயிலில் தொட முடியாமல் சுட்டது. உள்பக்கச் சுவர் சில்லென்று இருந்தது. பாளத்தின் விளிம்பு விரல் வைத்துத் தடவினால் நேராக ஓடுகிறது. இந்தப் பாறை தானாகவே பாளம் பாளமாக உரியக்கூடியதுதான். ஆனால் வேண்டிய அளவுக்கு எடுத்து, மேட்டுக்கு நகர்த்தி, விழாமல் நிறுத்தி, அதன் மேல் இன்னொன்றைத் தூக்கி வைப்பது ஒரு குடும்பத்தால் ஆகிற வேலையா? ஊரே கூடியிருக்க வேண்டும். செத்தவருக்காக இவ்வளவு பாடுபட்ட அந்த ஜனத்தின் மேல் பெரிய மரியாதை வந்தது. இதே மலைத்தொடரின் வடக்கடிவாரத்தில், பழநிக்குப் பக்கத்துப் பொருந்தலில், பேராசிரியர் க. ராஜன் குழுவினர் அகழ்ந்த ஈமக்குழியில் ஒரு பானை நிறைய நெல் கிடைத்தது. காலக்கணிப்பு ஏறக்குறைய பொ.ஆ.மு. (கி.மு.) 490 என்று வந்தது. நெல் விளைவிக்கிறவனுக்கு அந்தச் செய்தியைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

மனம் கசந்த காட்சியும் உண்டு. பல அறைகள் சரிந்து கிடக்கின்றன. நின்றவற்றில் சிலவற்றில் பெயரும் இதயமும் பெயின்டால் எழுதியிருக்கிறார்கள். மூடிக்கல் மேல் ஏறி நின்று இருவர் போட்டோ எடுத்தார்கள். "தம்பி, அது சமாதிங்க, எறங்கிடுங்க" என்றேன். இறங்கிவிட்டார்கள், கோபப்படவில்லை. யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பிற்பகல் சந்தனக்காட்டு வழியாகப் போனோம். சாலையின் இரு புறமும் கம்பிவலை, உள்ளே எண் எழுதிய மரங்கள், நடுநடுவே காவல் குடில்கள். கேரளத்தில் சந்தனம் இயற்கையாகக் காடாக வளர்கிற இடம் இதுதான். சந்தன மரம் தனியாகத் தழைக்காது, பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரைப் பொருத்தி உறிஞ்சித்தான் வளரும். அதனால் துணைமரங்களையும் சேர்த்தே காக்கிறார்கள். அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்காவது முனியறைப் பாறைக்கும் வேண்டும். நான் இருந்த நேரத்தில் அங்கே காவலுக்கு ஒருவரும் இல்லை. விழுந்த கல்லை எடுத்து நிறுத்தலாம், ஆனால் அது பழைய முனியறை ஆகாது.

ஜனவரி 25, சனி. காந்தளூர்

காலையில் ஒரு வெல்ல ஆலை. கரும்புச் சக்கையையே எரித்துக் கொப்பரையில் சாறு காய்ச்சுகிறார்கள். பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். ஒவ்வொரு உருண்டையிலும் விரல் தடம் அப்படியே நிற்கிறது. 2019இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுடச்சுட ஒரு விள்ளல் கொடுத்தார்கள். இனிப்போடு லேசான புகை வாசம்.

மறையூர், காந்தளூர் எல்லாம் சேர்ந்தது அஞ்சுநாடு. ஊருக்குள் தமிழ்தான். 1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரித்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. இந்த ஊர்கள் தேவிகுளம் தாலுகா.

காந்தளூரில் படிப்படியாக இறங்குகிற வயல்கள், பூண்டும் காய்கறியுமாக. நல்ல குளிர். பூண்டுக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தாராபுரம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "அணைத் தண்ணிக்காரங்களா?"

பேச்சு நேராக, இந்த மலையில் கேரளம் கட்டத் தொடங்கிய பட்டிச்சேரி அணைக்குத்தான் போனது. 2014இல் அந்த வேலை தொடங்கியபோது, அமராவதிக்கு வரும் தண்ணீர் குறையும் என்று எங்கள் பக்கம் பெரிய எதிர்ப்பு எழுந்தது. நானும் கூட்டத்துக்குப் போனவன். காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுப் பங்கு 3. கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் அந்த 3 டி.எம்.சி.க்கு ஒரு முகம் உண்டு என்று இன்றுதான் பார்த்தேன்.

"எங்களுக்கு ஆனி, ஆடியில தண்ணிக்குப் பஞ்சமில்ல தம்பி. மாசி, பங்குனியிலதான் பயிர் வாடுது" என்றார். எங்களுக்கு அப்படியே தலைகீழ். ஆனி, ஆடியில் இங்கே மழை பிடித்தால்தான் அணை நிறையும், நாற்று விடலாம். அப்படியானால் மழைக்காலத்து வெள்ளத்தில் அவர்கள் கொஞ்சம் தேக்கிக் கோடையில் பாய்ச்சிக்கொள்ளலாம், எங்களுக்கு எத்தனை நாள் பிந்தும் என்பதுதான் பேச வேண்டியது. வரப்பில் உட்கார்ந்து அதை ஒரு மணி நேரம் பேசினோம். ஒத்துப்போகாத இடமும் இருந்தது. வறட்சி ஆண்டில் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்பதில் இருவருமே இறங்கி வரவில்லை.

கிளம்பும்போது ஒரு கட்டுப் பூண்டைக் கையில் திணித்தார், காசு வாங்கவில்லை. போன் எண்ணை மாற்றிக்கொண்டோம். மேலே ஓடை பெருகிய அன்றே அவர் கூப்பிடுவார். அது அணைக்கு எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஆனியிலிருந்து தொடங்குகிறோம்.