ஆகஸ்ட் 28க்குள் எடுத்துவிடுங்கள்

ஏப்ரல் 29, 2025, செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. போன நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ப்ரொபசிஷன் ஏ சட்டம் செல்லும் என்று அமெரிக்காவின் மிசூரி மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டது மாநிலத்தின் பெரிய வணிகச் சங்கங்கள். குறைந்தபட்ச ஊதியத்தையும் சிக் லீவையும் ஒரே கேள்வியாக மக்கள் முன் வைத்தது தப்பு என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று.

ஆக, நாளை மறுநாள் மே 1 முதல் சம்பளத்தோடு சிக் லீவு. 30 மணி நேரம் வேலை பார்த்தால் 1 மணி நேரம் சேரும். 15 பேருக்குக் குறைவான கடையில் வருஷத்துக்கு 40 மணி வரை எடுக்கலாம், அதற்கு மேல் ஆள் இருந்தால் 56 மணி. செயின்ட் லூயிஸ் பக்கம் சில சின்னக் கடைகளுக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கும் சம்பளக் கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு என்பதால், இன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. எல்லோருடைய பே ஸ்லிப்பிலும் புதிதாக ஒரு வரி ஏற்ற வேண்டும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே சட்டமன்றம் கண்டுகொள்ளாத விஷயத்தை மக்களே கையெழுத்துத் திரட்டி நேரடியாக ஓட்டுக்கு விடலாம். போன நவம்பரில் அப்படி விட்டதுதான் இந்த ப்ரொபசிஷன் ஏ. மணிக்கு 13.75 டாலர், 2026 ஜனவரியிலிருந்து 15 டாலர், கூடவே இந்த லீவு. 57 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. அதே நாள் இதே மாநிலத்தில் ட்ரம்ப் வாங்கியது 58 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மிசூரி அரசியல் பிடிபடாது.

மே 8, வியாழன்

முதியோர் இல்லத்தில் ஒரு அம்மா வேலை பார்க்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டிவிட்டு, துடைத்து, உடை மாற்றுகிற வேலை. வயது அறுபதை நெருங்கும். பிக்கப் வண்டியின் பம்பரில் ட்ரம்ப் ஸ்டிக்கர் ஒன்றல்ல, இரண்டு. முதல் வாரச் சீட்டைக் கையில் வாங்கியதும் புது வரியில் விரலை வைத்து இது என்ன 0.93 என்றார். 28 மணி வேலை பார்த்திருக்கிறீர்கள், அதை 30ஆல் வகுத்தால் வருவது என்றேன். பேரனுக்கு ஆஸ்துமா, அவனுக்கு முடியாமல் போனால் எடுக்கலாமா என்றார். எடுக்கலாம், வீட்டில் யாருக்கு முடியாவிட்டாலும் எடுக்கலாம். முப்பது வருஷ வேலையில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏ-க்கு ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டேன். போடாமல்? அப்புறம் ஸ்டிக்கர்? “அது வேற, இது வேற.” அத்தோடு பேச்சு முடிந்தது.

மே 14, புதன்

முடித்துவிட்டார்கள். மாநில செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 24 பேர், ஜனநாயகக் கட்சிக்கு 10 பேர். எண்ணிக்கையில் தோற்றாலும் இங்கே சிறுபான்மைக் கட்சிக்கு ஒரு ஆயுதம் உண்டு. எழுந்து நின்று பேசிக்கொண்டே இருக்கலாம், சமரசத்துக்கு வரும்வரை உட்கார வேண்டியதில்லை. விவாதத்தை வெட்டி நேராக ஓட்டெடுப்புக்குப் போக விதி இருக்கிறது என்றாலும், அதை அபூர்வமாகத்தான் எடுப்பார்கள், சபையின் கௌரவத்துக்கு இழுக்கு என்பார்கள். இன்று எடுத்தார்கள். கருக்கலைப்பு உரிமைக்கு எதிரான தீர்மானத்துக்கு ஒரு தடவை, சிக் லீவை ரத்து செய்ய இன்னொரு தடவை.

சட்டம் அமலுக்கு வந்து இரண்டே வாரம். மக்கள் ஓட்டுப் போட்டதைச் சட்டமன்றம் எப்படி அழிக்கும் என்று ஊரிலிருந்து மச்சான் கேட்டான். அரசியலமைப்பில் எழுதியிருந்தால் அழிக்க முடியாது. ப்ரொபசிஷன் ஏ சாதாரணச் சட்டம். சாதாரணச் சட்டத்தை யார் எழுதினாலும் மாநிலத் தலைநகர் ஜெஃபர்சன் சிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் திருத்தலாம்.

நான் கணக்குப் பார்க்கும் ஹோட்டல் ஒன்றின் அண்ணனுக்குச் சந்தோஷம். “தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் மூணு பேர் வயித்து வலின்னா தோசைக்கல்லுல யார் நிப்பா, நீயா?” கெட்டவர் இல்லை. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் சம்பளத்தைப் பிடிக்காமல்தான் தருகிறார். சட்டம் போட்டு வாங்குவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படிக் கொடுக்காத முதலாளியிடம் வேலை பார்ப்பவர் என்ன செய்வார் என்று கேட்டால், அது அவன் தலையெழுத்து என்கிறார்.

ரத்துக்கு ஆதரவானவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: வெளிமாநிலப் பணத்தில் வாங்கிய வெற்றி இது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏ-க்கு ஆதரவான பிரசாரத்துக்குப் பெரும் தொகை கொடுத்தவர்களில் ஒன்று வாஷிங்டனைச் சேர்ந்த ‘சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்ட்’. தனக்கு யார் கொடுத்தார்கள் என்று அது வெளியே சொல்வதில்லை. எனக்குப் பிடித்த விஷயத்துக்குச் செலவழித்தார்கள் என்பதற்காக இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் மூடி மறைத்த பணத்தைப் பற்றி ஜெஃபர்சன் சிட்டி பாடம் எடுப்பதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது.

மே 17, சனி

நேற்று மதியம் சூறாவளி. நகரத்தின் வடக்குப் பகுதி சின்னாபின்னம், உயிர்ப்பலியும் உண்டு. எங்கள் தெருவுக்கு ஒன்றுமில்லை. நகரத்துக்குள் இருக்கும் ஒரு கடைக்குக் கரண்ட் இல்லை, எப்போது வரும் என்று தெரியவில்லை. கடை திறக்காத நாளுக்கு மணிக்கூலிக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 10, வியாழன்

கவர்னர் மைக் கீஹோ இன்று கையெழுத்துப் போட்டார். (கவர்னர் என்றதும் ராஜ்பவனை நினைக்க வேண்டாம். இங்கே அவர் மக்கள் ஓட்டில் வருபவர், நம்மூர் முதலமைச்சர் போல. அரசியலுக்கு முன்னால் ஜெஃபர்சன் சிட்டியில் ஃபோர்டு கார் விற்றவர்.) சிக் லீவு ஆகஸ்ட் 28ஆம் தேதியோடு சரி. 15 டாலர் தப்பித்தது. ஆனால் அதற்குப் பிறகு விலைவாசியோடு சேர்ந்து ஊதியம் தானாக ஏறும் ஏற்பாட்டையும் வெட்டிவிட்டார்கள். அந்த ஏற்பாடு போன வருஷத்தது இல்லை. 2006இல் நாலில் மூன்று பேர் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தது.

இன்றே அவர் கையெழுத்திட்ட இன்னொரு மசோதா, மூலதன ஆதாயத்துக்கு மாநில வருமான வரியை அடியோடு எடுக்கிறது. பங்கு, நிலம் விற்று வரும் லாபத்துக்கு இனி மிசூரியில் தனிநபர் வரி கட்ட வேண்டாம், அதுவும் இந்த ஜனவரி 1இலிருந்தே கணக்கு. குழந்தைகளின் டயப்பருக்கு விற்பனை வரி விலக்கும் அதே மசோதாவில் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

என் தொழில் கணக்கு, கை சும்மா இருக்காது. முதியோர் இல்லத்து அம்மாவுக்கு மணிக்கு 16 டாலர். வருஷம் முழுக்க 40 மணி லீவு எடுத்தாலும் 640 டாலர். இந்த ஊரில் ஒருவர் பங்கு விற்று 10 லட்சம் டாலர் லாபம் பார்த்தால், மாநிலத்தின் உச்ச வரி 4.7 சதவீதம், மிச்சமாவது சுமார் 47,000 டாலர். தொழிலால் தாங்க முடியாது என்று முதலாவதை எடுத்த அதே கை, கஜானா தாங்கும் என்று இரண்டாவதைக் கொடுத்திருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தமிழ் வாட்ஸ்அப் குழு நேற்று முழுக்க ஒரே அமர்க்களம். சிங்க்ஃபீல்டு கோப்பை செஸ் போட்டியின் முதல் சுற்றிலேயே பிரக்ஞானந்தா குகேஷை வென்றார். இரண்டு சென்னைப் பையன்கள் எங்கள் ஊரில் மோதும்போது வீட்டில் இருக்க முடியுமா? வேலையைப் பாதியில் போட்டுவிட்டு மேரிலாண்ட் அவென்யூவுக்குப் போனேன். செஸ் கிளப்புக்கு எதிரே இருபது அடி உயரத்துக்கு ராஜா காய் நிற்கிறது. அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் பாதிப்பேர் நம் ஆட்கள்.

அங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. யார் இந்தச் சிங்க்ஃபீல்டு? ரெக்ஸ் சிங்க்ஃபீல்டு இந்த ஊர்க்காரர். சின்ன வயதில் கொஞ்ச காலம் அனாதை இல்லத்தில் வளர்ந்தவர், இண்டெக்ஸ் ஃபண்ட் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் முதலீட்டு நிதி) தொழிலில் பெரும் பணம் சம்பாதித்துத் திரும்பி வந்தவர். செஸ்ஸுக்கு அவர் செய்ததை யாரும் மறுக்க முடியாது, அமெரிக்க செஸ்ஸின் தலைநகரமாகவே இந்த ஊரை மாற்றிவிட்டார். அதே ஆள்தான் பல வருஷமாக மிசூரி அரசியலுக்கு மிக அதிகமாக நன்கொடை கொடுத்தவர். மாநில வருமான வரியே இருக்கக்கூடாது என்பது அவருடைய நெடுநாள் லட்சியம். 2010இல் செயின்ட் லூயிஸ், கான்சாஸ் சிட்டி நகர வருமான வரிகளுக்கு எதிரான ஒரே ஒரு பிரசாரத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் இறைத்தார்.

சட்டப்படிதான். 2008இல் நன்கொடை உச்சவரம்பையே சட்டமன்றம் தூக்கிவிட்டது. ஒரு வேட்பாளருக்கு ஒரே காசோலையில் பத்து லட்சம் டாலர்கூடக் கொடுக்கலாம் என்ற நிலை. 2016இல் மக்கள் 70 சதவீத ஓட்டோடு 2,600 டாலர் என்று வரம்பு கட்டினார்கள், அதுவும் அரசியலமைப்பிலேயே. நல்லது. அப்புறம் என்ன ஆயிற்று? ஒவ்வொரு பெரிய வேட்பாளருக்கும் பக்கத்திலேயே ஒரு ‘பேக்’ முளைத்தது, அரசியல் நடவடிக்கைக் குழு. வேட்பாளர் வேறு, குழு வேறு என்பது ஏட்டில். குழுவுக்கு வரம்பு இல்லை.

இதையெல்லாம் அங்கே சொன்னால் நண்பர்கள் முறைக்கிறார்கள். “செஸ் பாக்க வந்தோமா, அரசியல் பேச வந்தோமா?” சரி என்று வாயை மூடிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தேன். எனக்கும் பிரக்ஞானந்தா ஜெயிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மிசூரியில் புதுச் சட்டங்கள் வழக்கமாக ஆகஸ்ட் 28இல்தான் அமலுக்கு வரும். எனக்கு இது ராசியில்லாத தேதி.

2017இல் நான் இந்த வேலைக்குப் புதுசு. செயின்ட் லூயிஸ் நகரசபை தன் எல்லைக்குள் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்திப் போட்ட சட்டம் நீதிமன்றத்தில் இழுபட்டு, அந்த மே மாதம் 10 டாலர் என்று அமலுக்கு வந்தது. அதே மாதம் குடியரசுக் கட்சிச் சட்டமன்றம், மாநில அளவுக்கு மேல் எந்த நகரமும் உயர்த்தக்கூடாது என்று மசோதா நிறைவேற்றியது. அப்போதைய கவர்னர் எரிக் கிரைட்டன்ஸ் கையெழுத்துப் போடவில்லை, தடுக்கவும் இல்லை, தானாகச் சட்டம் ஆகவிட்டார். ஆகஸ்ட் 28 அன்று 10 டாலர் 7.70 ஆயிற்று. பாத்திரம் தேய்க்கும் ஒருவருக்கு 35 மணிக்கு 350 டாலர் போட்டுக்கொண்டிருந்த என் விரல் 269.50 என்று தட்டியது. சில கடைகள் 10 டாலரையே வைத்துக்கொண்டன, அந்தக் கடை வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கவர்னரின் ஆட்கள் நடத்திய ‘எ நியூ மிசூரி’ அமைப்பும் யாரிடம் பணம் வாங்கியது என்று சொன்னதில்லை. 2018 ஜூனில், வழக்குகளும் பதவிநீக்க மிரட்டலும் நெருக்க, அவர் ராஜினாமா செய்தார்.

அந்த வருஷமே மக்கள் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் தொழிற்சங்கங்களைப் பலவீனப்படுத்தும் சட்டத்தை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு குப்பையில் போட்டார்கள். நவம்பரில் குறைந்தபட்ச ஊதியத்தை 12 டாலராக உயர்த்த 62 சதவீதம் ஆதரவு. கூடவே ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மெக்காஸ்கிலையும் தோற்கடித்தார்கள்! அது வேற, இது வேற.

இன்றைய கதைக்கு வருகிறேன். “சேர்ந்துள்ள சிக் லீவை ஆகஸ்ட் 28க்குள் எடுத்துவிடுங்கள்” என்று முதியோர் இல்லத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அந்த அம்மாவுக்குச் சேர்ந்தது 20 மணி சொச்சம். பேரனுக்கு மூச்சுத் திணறியபோது 12 மணி ஷிஃப்ட் ஒன்றை எடுத்தார். மீதி 8 மணிக்குப் போன வாரம் கேட்டால், ஆள் பற்றாக்குறை, இப்போது முடியாது என்றுவிட்டார்கள். இன்று நான் அந்த வரியை எடுத்துவிட்டுச் சீட்டை அச்சடித்தேன். அவர் என்னிடம் கோபப்படவில்லை. உங்கள் தொகுதி உறுப்பினர் இதற்கு ஓட்டுப் போட்டவர்தான் என்று சொன்னேன். அப்படியா, அவன் தேவாலயத்தில் நல்லவனாகத்தான் தெரிந்தான் என்றார்.

செப்டம்பர் 13, சனி

கவர்னர் கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடர் நேற்று முடிந்தது. ஜனநாயகக் கட்சிக்கு இருக்கும் கான்சாஸ் சிட்டி நாடாளுமன்றத் தொகுதியைக் கூறு போட்டு ஒரு புது வரைபடம். அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு இனி மாநிலம் முழுவதும் பெரும்பான்மை போதாது, எட்டு நாடாளுமன்றத் தொகுதியிலும் தனித்தனியாக வேண்டும் என்கிறார்கள். ஏழு தொகுதி ஆமாம் என்று, எட்டாவது இல்லை என்றால் இல்லைதான். சட்டமன்றமே முன்வைக்கும் திருத்தத்துக்கு இந்த விதி கிடையாது. சாதாரணச் சட்டமாக எழுதினால் அழிக்கிறார்கள், அரசியலமைப்பில் எழுதப் போனால் கதவை ஒடுக்குகிறார்கள். ஒடுக்கலாமா என்று 2026இல் மக்களிடமே கேட்கப் போகிறார்கள், அதுவரை ஆறுதல்.

சிங்க்ஃபீல்டு கோப்பை கடைசியில் வெஸ்லி சோவுக்குப் போயிற்று. பிரக்ஞானந்தா டைபிரேக்கில் விட்டுவிட்டார்.

ஜனவரி 2, 2026, வெள்ளி

15 டாலர் வந்துவிட்டது. ஹோட்டலில் மாவு அரைக்கும் அக்காவுக்கு 38 மணிக்கு 522.50 வந்தது, இனி 570. “அடுத்த வருஷம் எவ்வளவு ஏறும் தம்பி?” என்றார். சட்டப்படி ஒன்றும் ஏறாதுக்கா என்றேன். கல்லாவிலிருந்து அண்ணன், “என்னைப் பாக்காத, நான் சட்டம் போடல” என்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, மசாலா தோசை 13 டாலர், எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்டார். கூலி 9 சதவீதம் ஏறியிருக்கிறது, உங்கள் செலவில் கூலி மூன்றில் ஒரு பங்கு, ஆக 3 சதவீதம், 39 சென்ட் ஏற்றினால் சரியாகிவிடும் என்றேன். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தார். “39 சென்ட்ட எப்படித் தம்பி எழுதறது?” என்று சாக்பீஸை எடுத்து 14.50 என்று எழுதினார்.