புளியரையில் பனி தள்ளிய கதை

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய்க்கு ஏறும் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கும் புளியரையில் எங்களுக்கு ஒரு சிறிய தென்னந்தோப்பு உண்டு. சாலையிலிருந்து கொட்டகை வரை 200 அடி நீளத்துக்கு இந்தக் கோடையில்தான் கிராவல் (சரளைக் கல்) அடித்திருந்தேன். ஆனியில் கணவாய் வழியாகச் சாரல் இறங்கினால் குற்றாலத்தில் குளிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கோ, மேட்டுத் தோட்டத்துச் செம்மண் கரைந்து வந்து பாதை முழுவதும் நான்கு விரற்கடை உயரத்துக்குப் படிந்துவிட்டது. தேங்காய் ஏற்ற வந்த லாரிக்காரர், "உள்ளே வந்தால் வண்டி இங்கேயே குடியிருக்கும், நான் பஸ்ஸில்தான் ஊர் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கொட்டகையில் டிராக்டரும், பழைய விலைக்கு வாங்கிய, மண் நிரவும் ஆறடி லெவலர் பிளேடும் சும்மா நின்றுகொண்டிருந்தன. ஆள் வைத்தால் கூலி, நானே ஓட்டினால் டீசல் மட்டும்தானே என்று போட்ட கணக்கில்தான் கோளாறு தொடங்கியது. ஹைட்ராலிக் லிவரைத் தாழ்த்தியதும் பிளேடு சேற்றில் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. பின்னால் தொங்கும் பிளேடு, முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் தானாக மேலே எழும்பும், பின்சக்கரம் இறங்கினால் தரையைக் கடிக்கும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நான்கு நடை ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால், சேறும் இல்லை, கிராவலும் இல்லை. பாதை இருந்த இடத்தில் வாய்க்கால் ஒன்று இருந்தது. கல் அத்தனையும் சரிவோடு போய்ப் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சியின் வாசலில் குவிந்திருந்தது. அவர் மறுப்பேதும் சொல்லாமல் ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து அதை அழகாக நிரவிக்கொண்டார்.

அன்று மாலை ஏழு மணிக்கு, அதாவது கனடாவின் ஒன்டாரியோவில் காலை ஒன்பதரைக்கு, என் மனைவியின் தம்பி வீடியோவில் வந்தான். அக்காள் ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தாள். சிரிப்பான் என்று பார்த்தால், "அத்தான், முதல் பனி விழும்போது எனக்கும் இதே கதிதான்" என்றான். நகரத்துக்கு வெளியே இருக்கும் அவன் வீட்டு வாசல்பாதையும் கிராவல்தான். தரை உறைந்து இறுகும் முன்பே பனி கொட்டிவிட்டால், டிராக்டர் பிளேடு பனியோடு கல்லையும் வாரிப் புல்தரையில் கொட்டிவிடும்; வசந்தத்தில் அதைத் துடைப்பத்தால் திரும்பப் பாதைக்குத் தள்ள வேண்டும், தப்பிய கல் கோடையில் புல்வெட்டும் இயந்திரத்தில் மாட்டித் துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். ஆகவே முதல் பனியை ஓரிரு அங்குலம் விட்டுவைத்து, அது இறுகிக் கல்லைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அடியோடு தள்ளுவார்கள். "முக்கியமாக, தரை உறையும் வரை பொறுங்கள்" என்றான். புளியரை உறையும் மாதம் எது என்று அவன் அக்காள் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

உருப்படியாக இரண்டு வழிகளும் சொன்னான். ஒன்று, பிளேடைப் பின்பக்கமாகத் திருப்பி, குவிந்த முதுகால் தள்ளுவது; அப்போது வெட்டுவிளிம்பு தரையைக் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். பிளேடைப் பூட்டியிருந்த துருப்பிடித்த ஊசியைக் கழற்ற அரை லிட்டர் மண்ணெண்ணெயும் ஒரு பகல் பொழுதும் செலவாயின. கல் தப்பியது உண்மைதான். ஆனால் பனியைப் போல் லேசானதல்ல எங்கள் செம்மண், பிளேடு அதை இஸ்திரி போட்டுவிட்டுப் போனது.

மற்றது, ஓர் இரும்புக் குழாயை நீளவாக்கில் கீறி, வெட்டுவிளிம்பில் உறைபோல் மாட்டுவது. செங்கோட்டை வெல்டிங் பட்டறைக்குப் பிளேடைக் கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னபோது, பட்டறைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "சாணை பிடிக்கக் கொண்டுவருவார்கள், காசு கொடுத்து மழுங்கடிக்க வந்தவர் நீங்கள்தான்" என்றார். இருந்தாலும் இரண்டங்குலக் குழாயை நேர்கோட்டில் கீறி, இரண்டு முனையிலும் போல்ட் போட்டுக் கச்சிதமாகப் பொருத்திக் கொடுத்தார்.

மீண்டும் கிராவல் அடித்து, அடுத்த சாரலுக்குப் பிறகு மண் சற்று ஈரம் சுண்டும் வரை இரண்டு நாள் பொறுத்திருந்தேன்; எங்கள் ஊருக்கு உறைதல் என்றால் அவ்வளவுதான். பிளேடைச் சற்றுச் சாய்த்து வைத்து மெதுவாக ஓட்டியதில், குழாய் கல்லின் தலைமேல் வழுக்கிப் போக, சேறு மட்டும் சுருள் சுருளாக ஒதுங்கியது. வாசல்வரை தள்ளி முடித்து நிமிர்ந்தபோது, அண்ணாச்சி மண்வெட்டியோடு தயாராக நின்றுகொண்டிருந்தார். குவியலைக் காலால் கிளறிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இந்தத் தடவை வெறும் சகதியாக இருக்கிறது?" என்றார், மிகுந்த வருத்தத்தோடு.